ஒரே போர்வையின் காற்று

வெள்ளிங்கிரிக்கு முகமூடி ஆகாது என்பது மில் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாதவர்களுக்கு அவர் மனைவி துளசிமணியே சொல்லியிருந்தாள், பாதி கேலியும் பாதி செல்லமுமாக.

“சிங்கமாட்டச் சத்தம் போடற மனுசன். ஒரு ரப்பர் கிண்ணத்தக் கண்டா பூனக்குட்டியாயிப் போறாரு.”

நூற்பாலைகளில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போனவர்களுக்காக ஓர் ஆய்வு மையம் புதிய மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி புளோரூமில், பஞ்சுப் பொதியைப் பிரித்து இயந்திரத்துக்குத் தீனி போடும் இடத்தில், தலை கறுத்திருந்த வயதில் நுழைந்து தலை வெளுத்த பிறகு வெளியே வந்தவர். இப்போது அந்த வேலையை இரும்புக் கைகள் செய்கின்றன. அவற்றுக்கு மூச்சு விட வேண்டிய தொந்தரவு இல்லை. வெள்ளிங்கிரிக்கு வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை போய்வருவதே ஒரு நாள் வேலையாகியிருந்தது.

மையத்தில் அவர்களுக்கு எல்லாம் விளக்கியவள் டாக்டர் அஃப்ரீன். சின்னப் பெண். பேசும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். துளசிமணிக்கு அதனாலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

“இரும்பு எப்படிங்க ஐயா துருப்பிடிக்குது? காத்து பட்டுத்தானே? அதே காத்துதான் நம்ம நெஞ்சுக்குள்ளயும் போகுது. தூசியும் புகையும் வருஷக்கணக்கா உள்ள போச்சுன்னா, அந்தக் காத்தே உள்ள இருக்கறதை அரிக்க ஆரம்பிச்சிடும். தூசி நின்ன பிறகும் அந்த அரிப்பு நிக்காது.”

“அப்ப நான் துருப்புடிச்ச தகரம்ங்கறீங்க.”

“தகரம் இல்லீங்க. நல்ல இரும்புதான்.”

வெள்ளிங்கிரி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை அஃப்ரீன் காத்திருந்தாள்.

“இந்த மருந்துல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூடு இருக்கு. உள்ள மருந்தை வெச்சு மூடியிருக்கோம். துரு இருக்கற இடம் பட்டாத்தான் கூடு திறக்கும். ஒண்ணு திறந்துச்சுன்னா மத்ததுக்கு அடையாளம் காட்டும். சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். எங்க துரு அதிகமோ அங்க மருந்து அதிகம். முன்னாடியெல்லாம் மருந்து நெஞ்சு பூராவும் பரவி வீணாப்போகும். இது தேடிப் போகும்.”

“போய்ச் சேந்துச்சான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?” துளசிமணி கேட்டாள்.

அஃப்ரீன் மருந்துப் புகையை விடும் சிறிய இயந்திரத்தை எடுத்துக் காட்டினாள். அதன் குழாய் வாயில் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. கூடு திறந்தால் ஒரு சாயம் மூச்சோடு வெளியே வருமாம். அது பட்டால் வெள்ளைப் பொத்தான் கத்திரிப்பூ நிறமாகிவிடுமாம். அந்த நிறத்தை இயந்திரமே மையத்துக்கு அனுப்பிவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, நர்ஸ் ஒருத்தி முகமூடியைக் கொண்டுவந்து எப்படிப் போடுவதென்று காட்டும்வரை. முதலில் கீழ் வாரைத் தாடைக்கு அடியில் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு மேல் வாரைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இழுக்க வேண்டும். வெள்ளிங்கிரி அதைப் பிய்த்து எறிந்தார். கண்கள் பிதுங்கின. துளசிமணியின் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் ஒன்று வளைந்துபோயிற்று. முகமூடி போட முடியாதவர்களைத் திட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று நர்ஸ் சொன்னாள். துளசிமணி முந்திக்கொண்டு, “ஊட்டுல பழக்கிக்கறோமுங்க” என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். சளி பிடித்தால் என்ன செய்வோம்? கொதிக்கும் பானையை முன்னால் வைத்து, போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிப்போம். குழந்தை பயந்தால் அம்மாவும் கூடவே போர்வைக்குள் போவாள். மகள் கனிமலரோடு எத்தனை முறை அப்படி உட்கார்ந்திருக்கிறாள்! அவ்வளவுதான். மறுநாள் காலை கட்டில் மேல் இயந்திரத்தை வைத்து, பழைய சோலாப்பூர் போர்வையை இரண்டு பேர் தலைக்கும் மேலாக இழுத்து மூடினாள்.

“பயமா இருக்குதுங்களா?”

“நீ இருக்கறயில்ல.”

அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. போர்வைக்குள் பேசினார்.

இயந்திரம் மெல்ல ஊதியது. குளிர்ந்த புகை, மழைக்கு முந்தைய மண் போல ஒரு மணம். துளசிமணி கழுத்தைத் தாழ்த்தி அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்தார். புகை தீர்ந்து அவள் போர்வையை விலக்கியபோது பொத்தான் கத்திரிப்பூ நிறமாக இருந்தது. அவள் கைதட்டினாள். வெள்ளிங்கிரி மட்டும் பொத்தானையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவரே போர்வையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டார். “வா புள்ள. கண்ண மூடிக்க. மருந்து கண்ணுல பட்டா எரியுமாமா.”

“டாக்டரம்மா சொன்னாங்களா?”

“சொன்னாங்க, சொன்னாங்க. நீதான் கவனிக்கல.”

அன்றிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லைன் வீடுகளில் அது ஒரு பேச்சாகிவிட்டது. அடுத்த வீட்டு ரங்கநாயகி காலையில் வாசல் கூட்டும்போதே சன்னல் வழியாகக் கத்துவாள்: “ஏனக்கா, இன்னிக்குப் பூ பூத்துச்சா?”

“பூத்துச்சு, பூத்துச்சு.”

“ஒரே போர்வைக்குள்ள நாளெல்லாம் உக்காந்தா பூக்காம என்ன பண்ணும்? எங்க ஊட்டுக்காரருக்கும் இந்தச் சீக்கு வந்தாத் தேவல.”

“நாக்குல வசம்ப வெச்சுத் தேய்க்கோணும் உனக்கு!”

பொத்தான் தினமும் பூத்தது. வெள்ளிங்கிரி தேறவில்லை.

ஒவ்வொரு மாதமும் மையத்துக்குப் போய் ஒரு குழாயில் ஊதுவார். திரையில் ஒரு கோடு எழும்பும். அந்தக் கோடு மாதத்துக்கு மாதம் தாழ்ந்துகொண்டே வந்தது. பொங்கலுக்குள் முன்னேற்றம் காட்டாதவர்களைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, காத்திருக்கும் மற்றவர்களுக்கு மருந்தைக் கொடுப்பார்கள். அஃப்ரீனுக்குக் குழப்பமாக இருந்தது. மருந்து திறக்கிறது என்று இயந்திரம் சொல்கிறது. நெஞ்சோ அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

துளசிமணிக்கு வேறொரு குழப்பம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு உடம்பு நன்றாகிக்கொண்டிருந்தது.

முதலில் கவனித்தது காலை இருமலை. விடிந்ததும் புறக்கடையில் போய்க் குனிந்து நின்று இருமித் துப்பிவிட்டு வருவது பல் துலக்குவதைப் போல அவளுக்கு ஒரு பழக்கம். அது ஒரு நோய் என்றே நினைத்ததில்லை. ஒருநாள் பல் துலக்கி, கோலம் போட்டு, பால் காய்ச்சிய பிறகுதான் இன்று இருமவில்லையே என்று தோன்றியது. பிறகு மொட்டை மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நிற்காமலேயே மேலே போய்விட்டாள். ஈரத்துணி வாளி கையில் இருந்தது. மேலே நின்று திரும்பிப் படிகளைப் பார்த்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சுக்காக அல்ல.

கீழே கணவர் பாயில் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அவள் வேண்டுமென்றே மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டாள். குனிந்து நிமிரும்போது பழைய வழக்கப்படி, “அப்பாடா” என்றாள். ஒருமுறை பொய்யாக இருமினாள். வெள்ளிங்கிரி திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு விதமான அச்சம் வந்துபோனது. “என்ன புள்ள, மறுக்கா வந்துருச்சா?” என்று கேட்டார். மறுபடியும் என்ற அந்தச் சொல்லை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அவள் யோசித்தது வேறு. இந்த மனிதன் மெலிய மெலிய என் உடம்பு ஏன் தேறுகிறது? எனக்குள்ளே இவரிடமிருந்து விடுதலையாகக் காத்திருந்த ஒருத்தி இருந்தாளா?

அப்படிக் கேட்டுக்கொள்ளக் காரணமும் இருந்தது. வெள்ளிங்கிரி அடித்தவரல்ல, குடித்தவரல்ல. ஆனால் எதையும் அவளிடம் கேட்டவரும் அல்ல. திருமணமான புதிதில் ஒரு சாயங்காலம் மில்லில் கூட வேலை செய்யும் கட்டைப் பிரம்மச்சாரிகளை வீட்டுக்குக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்து, “நாளையிலிருந்து இவங்களுக்கும் சேத்துச் சோறாக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று பற்றவைத்த அடுப்பு கனிமலர் பெரியவளாகிக் கல்யாணமாகிப் போகும்வரை அணையவில்லை. விறகு போதாதபோது மில்லிலிருந்து கழிவுப் பஞ்சை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பஞ்சு. அது பற்றிக்கொண்டால் அந்தப் பத்தடி அறையில் எதிர்ச்சுவர் தெரியாது. கனிமலருக்கு ஓசூரில் மாப்பிள்ளை பேசி முடித்ததையும் வெற்றிலை மாற்றிய பிறகே அவளிடம் சொன்னார். “நல்ல எடம் புள்ள.” நல்ல இடமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆற்றாமை. கேட்காமல் செய்ததெல்லாம் சரியாகவே முடிந்தால் ஒருத்தி எதைச் சொல்லிச் சண்டை போடுவாள்?

மார்கழி பிறந்ததும் அஃப்ரீன் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். காலை வேளை. போர்வை மடித்தபடி கட்டிலில் இருந்தது.

“நீங்க மருந்து எடுக்கறதை நான் ஒரு தடவை பாக்கணும்ங்க ஐயா. எங்கயோ ஏதோ தப்பு நடக்குது. பொங்கலுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா உங்களை எடுத்துருவாங்க.”

துளசிமணி கைகளைப் பிசைந்தாள். வெள்ளிங்கிரி உடனே, “இன்னிக்கு வேண்டாமுங்க. ஒடம்பு முடியல. நாளைக்கு வாங்க” என்றார். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அவர் வழக்கமில்லை. துளசிமணிக்குத்தான் பொறுக்கவில்லை. மறைத்து வைத்ததனால்தான் மருந்து பலிக்கவில்லையோ என்ற பயம் அவளுக்கு.

“இல்லீங்க டாக்டரம்மா. அவருக்கு மாஸ்க் ஆகாது. நாங்க போர்வைக்குள்ள ஒக்காந்துதான் புடிக்கறோம். தப்புன்னாத் திட்டிருங்க.”

அவளே இயந்திரத்தை வைத்து, போர்வையை இழுத்து, வேறு வழியில்லாமல் வந்த கணவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே அஃப்ரீன் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் போர்வையை அவளே விலக்கினாள்.

“ஏங்கம்மா கண்ணை மூடிக்கிட்டீங்க?”

“மருந்து பட்டா எரியும்னு நீங்கதான சொன்னீங்க?”

“இல்லீங்களே. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. யார் சொன்னது?”

வெள்ளிங்கிரி கூரையைப் பார்த்தார். “எனக்குக் காது மந்தமுங்க. தப்பாக் கேட்டிருப்பேன்.”

அஃப்ரீன் புதிய வெள்ளைப் பொத்தான் ஒன்றை எடுத்தாள். வெள்ளிங்கிரியை ஊதச் சொன்னாள். வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊதச் சொன்னாள். ஓரத்தில் ஒரு நிழல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு அந்தப் பொத்தானை மாற்றிவிட்டுத் துளசிமணியின் பக்கம் நீட்டினாள். துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது. “நான் எதுக்குங்க?” என்று கேட்டபடியே ஊதினாள்.

நடுவிலிருந்து தொடங்கி ஓரம்வரை, வெயில்பட்ட கத்திரிப்பூ போல, அது நிறம் மாறியது.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுதான் அஃப்ரீனால் அதைச் சொல்ல முடிந்தது.

“உங்களுக்கு எத்தனை நாளா இருமல்ங்கம்மா?”

“எனக்கா? அது சோறாக்கற எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானுங்க.”

“உங்க நெஞ்சு அவரோடதை விட மோசமா இருந்திருக்கு. கூடெல்லாம் அதிகத் துரு இருக்கற எடத்தைத் தேடும்னு சொன்னேன்ல. ரெண்டு பேரும் ஒரே காத்தை இழுத்தீங்க. முதல் கூடு உங்ககிட்ட திறந்திருக்கு. மத்ததெல்லாம் அது பின்னாடி போயிருச்சு. அவருக்குள்ள போனதும் அவர் மூச்சோட வெளிய வந்து உங்ககிட்டத்தான் வந்திருக்கு.” அவள் குரல் இறங்கியது. “ஒரே காத்துல ரெண்டு பேர் மூச்சு விடுவாங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல. மில் வாசல்ல நின்னு யாரு யாரு வேலை செஞ்சாங்கன்னு கேட்டுச் சேத்துக்கிட்டோம். அடுப்புக்கிட்ட யாரும் போய்க் கேக்கல.”

முதலில் துளசிமணிக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப அவரோட மருந்த நான் தின்னுட்டனா?”

“உங்க தப்பு இல்லீங்கம்மா.”

“என்ற நெஞ்சுல இருக்கறத எடுத்து அவருக்குக் குடுங்க.”

“திறந்த கூட்டை மூட முடியாதுங்க.”

“ரத்தம் எடுத்து ஏத்தறாங்க. கண்ணையே எடுத்து வெக்கறாங்க. இது முடியாதுங்கறீங்களே!”

“முடியாதுங்கம்மா” என்றாள் அஃப்ரீன், தரையைப் பார்த்து. அவள் கண்ணைப் பார்த்துப் பேசாதது அதுவே முதல் தடவை.

அந்த வாரம் மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கணவரைப் பார்க்க அல்ல. துளசிமணியை ஊதச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். “பிரமாதமான முன்னேற்றம்” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். கட்டிலில் கிடந்த வெள்ளிங்கிரி அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார், பந்தியில் கூட உட்கார்ந்தவருக்குப் பாயசம் ஊற்றியதைப் பார்த்தவர் மாதிரி. விதியை மீறியதற்காக அவருடைய பெயரை நீக்கிவிட்டதாகவும் அவர்கள்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். மில்லில் வேலை பார்க்காததால் துளசிமணியின் பெயர் திட்டத்தில் ஏற வழியில்லை. வீட்டில் மிச்சமிருந்த மருந்துக் குப்பிகளை மட்டும் அஃப்ரீன் திருப்பிக் கேட்கவில்லை.

“இனி நீங்க தனியாத்தான் புடிக்கோணும்” என்றாள் துளசிமணி.

“பயமா இருக்கும் புள்ள.”

“குழந்தையா நீங்க? போர்வைக்குள்ள போங்க. நான் வாசல்லதான் இருக்கறேன்.”

அவரை உட்காரவைத்துப் போர்வையை மூடிவிட்டு அவள் வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “துளசி... உள்ள வா.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் கூப்பிட்டார். ஒரு நீண்ட வாழ்க்கையில் அவர் இப்படி அவளைக் கெஞ்சியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதற்கு அவள் அடுப்பங்கரையில் செலவழித்த அத்தனை பொறுமையும் தேவைப்பட்டது. ரங்கநாயகி கூட ஒன்றும் கேட்காமல் வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நெடுநேரம் கழித்து உள்ளே போனாள். இயந்திரம் அணைந்து கிடந்தது. குப்பி திறக்கப்படவே இல்லை.

“நீ இல்லாம எனக்கு எறங்காது.”

“செத்துப் போயிருவீங்க! தெரியுதா உங்களுக்கு? செத்துப் போயிருவீங்க!”

“கத்தாத புள்ள. மூச்சு வாங்கப் போகுது உனக்கு.”

அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதுதான் அவளை அழவைத்தது. அவர் அருகே உட்கார்ந்து, அவருடைய முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயைக் குவித்து ஊதினாள். நெஞ்சில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது போல மீண்டும் மீண்டும் ஊதினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தடுக்காமல், அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார்.

“பழைய சோத்து வாசம் வருது” என்றார். அவள் அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கிக் குத்தினாள்.

தை பிறந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். ஆளில்லாமல் ஓடும் ஆம்புலன்ஸ்தான் வந்தது. அது போகும் வழியெல்லாம் “பதற்றப்பட வேண்டாம்” என்று ஒரு பெண் குரலில் சொல்லிக்கொண்டே போயிற்று. கனிமலர் ஓசூரிலிருந்து கிளம்பியிருந்தாள். அஃப்ரீனும் வந்து நெஞ்சுப் படத்தைப் பார்த்தாள். இனி மருந்து கொடுத்தும் பயனில்லை, அரிப்பு போக மிச்சமிருப்பது தழும்பு மட்டும்தான் என்றாள். “கொஞ்ச நாள் மூச்சுக்கு மெஷின் உதவி பண்ணும். மூக்கையும் வாயையும் இறுக்கமா மூடற மாஸ்க் போடணும்.”

துளசிமணி பதறிப்போனாள். “அவருக்கு ஆகாதுங்க! பயந்துக்குவாரு. புடுங்கி எறிஞ்சிருவாரு. நான் கையப் புடிச்சுக்கறேன், கொஞ்சம் பொறுங்க...”

நர்ஸ் முகமூடியை நீட்டியபோது அவள் இரண்டு கைகளாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிங்கிரி மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டார். முகமூடியை நர்ஸிடமிருந்து அவரே வாங்கினார். முதலில் கீழ் வாரைத் தாடைக்கு அடியில் கொக்கியில் மாட்டினார். பிறகு மேல் வாரைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரே இழுப்பில் அளவாக இறுக்கினார். மையத்தில் முதல் நாள் காட்டிக்கொடுத்தபடி. ஒன்றையும் மறக்காமல்.

“ஐயாவுக்கு நல்லா வருதே” என்றாள் நர்ஸ். “எல்லாரும் புடுங்கத்தான் பாப்பாங்க.”

இயந்திரம் சீறிக் காற்றைத் தள்ளியது. அவர் அமைதியாகச் சாய்ந்து படுத்தார். துளசிமணி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்தப் பயம் வருமென்று காத்திருந்தாள். கண்கள் பிதுங்குமென்று, கைகள் துழாவுமென்று. நர்ஸ் போனாள். அஃப்ரீன் போனாள். சன்னல் வழியே வெயில் நகர்ந்து கட்டில் காலுக்கு வந்தது. பயம் வரவில்லை. அது எப்போதோ போயிருந்திருக்கிறது; அவர்தான் சொல்லவில்லை.

அப்போது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதல் நாள் பொத்தானையும் தன்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தது. கண்ண மூடிக்க புள்ள. மறுக்கா வந்துருச்சா. இன்னிக்கு வேண்டாமுங்க, நாளைக்கு வாங்க. கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்ட குரல். திறக்காத குப்பி.

“மருந்து எனக்குத்தான் வருதுன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

“மொத நாளேவா?”

இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. நன்றி வர வேண்டிய இடத்தில், அன்பு வர வேண்டிய இடத்தில், வாசலில் பிரம்மச்சாரிகளை உட்காரவைத்த சாயங்காலத்தின் கோபம் அப்படியே கொதித்துக்கொண்டு வந்தது. “என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? இதையாவது கேட்டிருக்கலாமில்ல? வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னுதான கேக்கல? எப்பவும் அதுதான? இனி நான் இழுக்கற ஒவ்வொரு மூச்சுக்கும் யாருகிட்டப் போயிச் சண்ட போடறது?”

முகமூடிக்குள் அவருடைய உதடுகள் அசைந்தன. அவள் குனிந்து காதை வைத்தாள். இயந்திரத்தின் சீறல்தான் கேட்டது. அவர் சொன்னது கழிவுப் பஞ்சைப் பற்றியோ, அடுப்பைப் பற்றியோ, அல்லது வெறுமனே தாகமாக இருக்கிறது என்றோ இருக்கலாம். அவளுக்கு அது தெரியப் போவதில்லை.

அவர் இடது கையைச் சிரமப்பட்டு நகர்த்தினார். மருத்துவமனையின் பச்சைப் போர்வையின் ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் தூக்கினார். தினமும் காலையில் தூக்குவதைப் போலவே.

துளசிமணி நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து, தலையை அந்தப் போர்வைக்குள் கொடுத்தாள். உள்ளே புகை இல்லை, மழை மண்ணின் மணம் இல்லை. சலவை சோப்பும் டெட்டாலும் மணத்தன. அவருடைய காற்று தனிக்குழாயில் அவருக்கு மட்டுமாக வந்து போயிற்று. அவளுடைய மூச்சு தடையில்லாமல், நெஞ்சின் அடிவரை போய், திரும்பி வந்தது.

பச்சை வெளிச்சத்தில் அவருடைய கண்கள் திறந்தே இருந்தன. அவள் மூச்சு பட்டுப் பொத்தான் பூப்பதை இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இந்த முறை அவளும் கண்ணை மூடவில்லை.